காபி டின்னில் வெந்த ரொட்டி: எதிர்க்கலாச்சாரத்தின் கதைகள் யார் கையில்?

1966 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஹிப்பிகள் கூடிய ஹெயிட்-ஆஷ்பரி வட்டாரத்தில் ஒரு நோட்டீஸ் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. நல்ல சூடான ஸ்டூ, பழுத்த தக்காளி, பழங்கள், எல்லாம் இலவசம். கிண்ணமும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு மாலை 4 மணிக்கு பான்ஹேண்டில் பூங்காவுக்கு வாருங்கள் என்றது அது. ‘இது இலவசம், ஏனென்றால் இது உங்களுடையது’ என்று ஒரு வரி. கீழே ஆள் பெயர் எதுவும் இல்லை. ‘டிக்கர்கள்’ என்று மட்டும் போட்டிருந்தது.

சொன்னபடியே பெரிய பால் கேன்களில் ஸ்டூ வந்தது. பூங்காவில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி வண்ணம் பூசியிருந்தார்கள். சாப்பிட வருகிறவர்கள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்து கிண்ணத்தை நீட்ட வேண்டும். உலகத்தை வேறொரு சட்டகத்தின் வழியாகப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள். யாரும் நின்று விளக்கவில்லை. நுழைந்து வந்தால் போதும், தட்டு நிறையும். அப்புறம் ரொட்டியும் சேர்ந்தது. தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து, காலி காபி டின்களில் போட்டுச் சுட்டார்கள். டின்னுக்கு மேலே உப்பி எழுந்து காளான் மாதிரி தலை விரித்த ரொட்டி அது.

இன்றைக்கு ஹிப்பி என்றதும் நம் மனதில் என்ன வருகிறது? பூ, நீளமுடி, கிதார், வண்ணவண்ணச் சட்டை. இந்தப் பால் கேனும் காபி டின்னும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. அந்த இயக்கங்களின் உடையை உலகம் பத்திரமாக வைத்துக்கொண்டது, அவை செய்த வேலையைத் தொலைத்துவிட்டது. உடை விற்கும். யார் காய்கறி வாங்கிவந்தார்கள், யார் வெட்டினார்கள், யார் பாத்திரம் கழுவினார்கள் என்பதெல்லாம் விற்காது. எதிர்க்கலாச்சாரத்தின், அதாவது நடப்புச் சமூகத்தின் வழக்கங்களை மறுத்து வேறு மாதிரி வாழ்ந்து காட்டியவர்களின், கதையைக் காப்பாற்றுவது என்று பேசினால், என் வரையில் அது இந்தப் பாத்திரம் கழுவின கதையைக் காப்பாற்றுவதுதான்.

எதிர்க்கலாச்சாரம் என்ற சொல்லின் ஆங்கில மூலத்தைப் பரவலாக்கியது தியடோர் ரோஸாக் 1969-ல் எழுதிய நூல். அதற்கு முன்பே 1960-ல் மில்டன் யிங்கர் என்ற சமூகவியலாளர் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு சொல்லைக் கையாண்டிருந்தார். சொல் பின்னால் வந்தது, சங்கதி பழசு. டிக்கர்கள் தங்கள் பெயரையே 1649-ல் இங்கிலாந்தில் இருந்த ஒரு கூட்டத்திடமிருந்துதான் எடுத்தார்கள். ஜெரார்ட் வின்ஸ்டன்லி தலைமையில் சர்ரே மாவட்டத்தின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தைக் கொத்திப் பயிர் செய்தவர்கள் அவர்கள். 300 ஆண்டுகள் கழித்து அவர்கள் பெயர் கலிபோர்னியாவில் ஒரு நோட்டீஸில் முளைத்தது என்றால், இடையில் யாரோ அவர்களுடைய துண்டுப்பிரசுரங்களை எறியாமல் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

கட்சிகள் ஆட்சியைப் பிடித்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்கும். எதிர்க்கலாச்சாரக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேண்டிய உலகம் ஏற்கெனவே வந்துவிட்டது போல தங்கள் தெருவிலேயே வாழ ஆரம்பித்துவிடுவார்கள். டிக்கர்கள் நடத்திய கடைகளில் எல்லாப் பொருளும் இலவசம். இங்கே பொறுப்பாளர் யார் என்று வந்தவர் கேட்டால், நீங்கள்தான் என்று பதில் வரும். இப்படி வாழ்ந்தவர்கள் சட்டம் எதுவும் இயற்றவில்லை, சிலை எதுவும் வைக்கவில்லை. அதனால் அவர்கள் விட்டுப்போனது என்ன என்று சுட்டிக்காட்டுவது கடினம். அவர்கள் தொடங்கிய பல விஷயங்கள் இன்று மிகச் சாதாரணமாகிவிட்டன.

ஆம்ஸ்டர்டாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் அங்கே புரோவோ என்ற இளைஞர் கூட்டம் சில சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்துப் பூட்டாமல் தெருவில் நிறுத்தியது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், போன இடத்தில் விட்டுவிடலாம். திட்டத்தை யோசித்தவர் லூட் ஸ்கிமெல்பெனிங்க். போலீஸ் சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போனது. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி தப்பாம். இரண்டே ஆண்டில் புரோவோ தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. இப்போது எத்தனையோ மாநகரங்களில் கைபேசியைக் காட்டி வாடகை சைக்கிள் எடுக்கிறோம். அந்த யோசனைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று அதை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெயிட்-ஆஷ்பரிக்கே திரும்புவோம். 1967 கோடையில் அந்தச் சின்ன வட்டாரத்துக்கு ஒரு லட்சம் இளைஞர்கள் வரை வந்து குவிந்ததாகச் சொல்வார்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பதின்வயதுப் பிள்ளைகள் நிறைய. மஞ்சள் காமாலை, தொற்று, போதைமருந்தில் மிரண்டுபோனவர்கள் என்று பிரச்சினை மேல் பிரச்சினை. 1967 ஜூன் 7 அன்று டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் அங்கே ஓர் இலவச மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவம் உரிமை, சலுகை அல்ல என்பது அதன் வாசகம். காசும் கேட்கமாட்டார்கள், கேவலமாகவும் பார்க்கமாட்டார்கள். அதைப் பார்த்து அமெரிக்காவில் பல ஊர்களில் இலவச மருத்துவமனைகள் எழுந்தன. ‘காதலின் கோடை’ என்று அந்த ஆண்டைக் கொண்டாடும் எல்லோரும் இசையைப் பேசுகிறார்கள். அந்த மருத்துவமனையில் இரவு முழுக்க ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே, இது தெளிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த தன்னார்வலரின் கதைதான் எனக்கு வேண்டும்.

ஓக்லாண்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காக எழுந்த பிளாக் பாந்தர் கட்சி 1969 ஜனவரியில் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கியது. துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமாக நிற்கும் பாந்தர்களின் படம் உலகம் முழுக்கத் தெரியும். விடியற்காலையில் எழுந்து முட்டை பொரித்த பாந்தர்களின் படம் அவ்வளவு தெரியாது. அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1966-லேயே முன்னோட்டமாக இருந்தது, 1975-ல்தான் நிரந்தரமானது. நடுவில் பாந்தர்கள் கொடுத்த அழுத்தத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். பங்கு இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் 1969-ல் தன் அலுவலகங்களுக்கு எழுதிய குறிப்பில், கட்சியை ஒடுக்கும் முயற்சிக்கு மிகப்பெரிய ஆபத்தாக இந்தக் காலை உணவைத்தான் குறிப்பிட்டார். துப்பாக்கியைவிட முட்டை அவரைப் பயமுறுத்தியிருக்கிறது.

ஹூவரின் குறிப்பு நமக்கு எப்படித் தெரியும் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். எதிர்க்கலாச்சாரத்தைப் பற்றி மிக விரிவான ஆவணங்களைச் சேர்த்தவர்கள், அதை ஒழிக்க நினைத்தவர்கள்தான். எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை கோயின்டெல்ப்ரோ என்ற ரகசியத் திட்டத்தை நடத்தியது. இயக்கங்களுக்குள் உளவாளிகளை அனுப்புவது, பொய்க் கடிதங்கள் எழுதி ஆட்களை மோதவிடுவது எல்லாம் அதில் உண்டு. 1971 மார்ச் 8 இரவு, முகமது அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் நடந்த குத்துச்சண்டையை ஊரே கவனித்துக்கொண்டிருந்தபோது, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டைச் சிலர் உடைத்தார்கள். கோப்புகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துப்போய், பிரதி எடுத்துப் பத்திரிகைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். திட்டம் அம்பலமானது அதனால்தான். அவர்களில் பலர் தங்கள் பெயரை வெளியே சொன்னது 2014-ல். 43 ஆண்டுகள் அந்தக் கதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியிலும் இதே நிலைதான். அங்கே பங்க் என்ற முரட்டு ராக் இசையைப் பின்பற்றிய இளைஞர்களை ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸ் விடாமல் பின்தொடர்ந்தது. இசைக்குழுக்களுக்குள்ளேயே தகவலாளிகளை வைத்திருந்தது. ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை நெருக்கி அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். ஆட்சி கவிழும்போது அதிகாரிகள் அவசர அவசரமாகக் கையால் கிழித்துப்போட்ட தாள்கள் மட்டும் சுமார் 16,000 மூட்டை. அவற்றைத் துண்டு துண்டாக ஒட்டவைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. 1992 முதல் மக்கள் தங்கள் கோப்பைக் கேட்டுப் படிக்கலாம். பழைய பங்க் ஒருவர் தன் இருபது வயது வாழ்க்கையைப் போலீஸின் தட்டச்சில் படிக்கும் நிலை அது. எத்தனை மணிக்கு யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது துல்லியமாக இருக்கும். எதற்காக விடிய விடியப் பேசிச் சிரித்தார்கள் என்பது இருக்காது. காட்டிக்கொடுத்த நண்பனின் புனைபெயர் மட்டும் ஓரத்தில் இருக்கும்.

எதிராளியின் கோப்பை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் அது குற்றப்பத்திரிகையாகத்தான் வரும். அப்படியானால் இயக்கத்தினர் தாங்களே எதையும் வைத்திருக்கவில்லையா? வைத்திருந்தார்கள், பல தடைகளுக்கு நடுவே.

முதல் தடை அவர்களுடைய கொள்கையே. டிக்கர்கள் பெயர் போடுவதில்லை என்று தீர்மானித்தவர்கள். பெயர் போட்டால் தலைவர் முளைப்பார், தலைவரை விலைக்கு வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று எந்த நோட்டீஸை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அவர்களுக்கு நோட்டீஸ் அடித்துக்கொடுத்தது கம்யூனிகேஷன் கம்பெனி என்ற சின்னக் குழு. கெஸ்டெட்னர் சைக்ளோஸ்டைல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு 1967-ல் நூற்றுக்கணக்கான தாள்களை அடித்துத் தெருவில் விநியோகித்தார்கள். காலையில் நடந்த விஷயம் மாலையில் தாளாகிவிடும். சைக்ளோஸ்டைல் பிரதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டென்சில் கிழிய ஆரம்பித்தால் ‘ஓ’ எழுத்தின் நடு வட்டம் விழுந்து அந்த இடம் கறுப்பாக அடைத்துக்கொள்ளும், மை கொழகொழவென்று பின்பக்கம் தெரியும். அது அன்றைக்குப் படித்துவிட்டுப் போடுவதற்கான தாள். 60 ஆண்டு தாங்குவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது தடை காகிதம். அக்காலத்து மாற்றுப் பத்திரிகைகள் எல்லாம் மலிவான நியூஸ்பிரிண்டில் வந்தவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமல் செய்த காகிதம் அது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறி, அமிலம் ஊறி, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். நல்லவேளையாக 1966-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃப்ரீ பிரஸ், பெர்க்லி பார்ப் முதலிய ஐந்து பத்திரிகைகள் சேர்ந்து ‘அண்டர்கிரவுண்ட் பிரஸ் சிண்டிகேட்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒருவர் பத்திரிகையில் வந்ததை மற்றவர் காசு கொடுக்காமல் மறுபதிப்புச் செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் முக்கிய விதி. கூடவே உறுப்பினர் பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில் படமெடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சுருள்கள் நூலகங்களுக்குப் போயின. தாள்கள் நொறுங்கிப்போன பல இதழ்களை இன்று படிக்க முடிவது இதனால்தான்.

மூன்றாவது தடை பயம். அதைப் பேசினால் சோவியத் ஒன்றியத்தின் சமிஸ்தாத்துக்குப் போக வேண்டும். தணிக்கையை மீறித் தாங்களே தட்டச்சு செய்து பரப்பிக்கொண்ட எழுத்துக்கு அந்தப் பெயர். வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, விசையை ஓங்கி அடித்தால் ஒரே தடவையில் நாலைந்து பிரதி கிடைக்கும். கடைசிப் பிரதியில் எழுத்து மங்கலான நிழலாக இருக்கும். அதை வாங்கிப்போனவர் ஓரிரவில் படித்துவிட்டு, முடிந்தால் இன்னொரு நாலு பிரதி அடித்து விடுவார். 1968 ஏப்ரலில் நத்தாலியா கோர்பனேவ்ஸ்காயா தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்ற செய்தியிதழ், பிறகு பல கைகளுக்கு மாறி 1980-களின் தொடக்கம் வரை வந்தது. அதற்கு முகவரி கிடையாது. செய்தி அனுப்ப வேண்டுமா? இதழை உங்களுக்குக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார் என்று இதழே வழி சொன்னது. முழுச் சங்கிலியையும் நீங்களே தேடிப்போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

இசைக்கும் இதே பாடுதான். லெனின்கிராடில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து, தடைசெய்யப்பட்ட ஜாஸையும் மற்றப் பாட்டுகளையும் மருத்துவமனைகள் கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களில் பதித்து விற்றார்கள். படத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் ஓட்டை போட்டால் இசைத்தட்டு தயார். ஒரு பக்கம்தான் பாடும், சில தடவைகளில் தேய்ந்துபோகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் தெரியும். ‘எலும்பு இசை’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. எஞ்சியிருக்கும் தட்டுகள் இன்று கண்காட்சிகளில் இருக்கின்றன.

இந்தத் தடைகளை எல்லாம் மீறி இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் சில பிடிவாதக்காரர்கள். பிராகில் ஈர்ஷி குருந்தொராத் என்பவர் சமிஸ்தாத் நூல்களுக்காகச் சிறைக்குப் போனவர். ஆட்சி மாறியதும், 1990-ல், தான் சேர்த்த தொகுப்பை அடிப்படையாக வைத்து ‘லிப்ரி புரோஹிபிட்டி’, அதாவது தடைசெய்யப்பட்ட நூல்கள், என்ற நூலகத்தைத் திறந்தார். அதன் செக், ஸ்லோவாக் சமிஸ்தாத் இதழ்த் தொகுப்பு 2013-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் ஏறியது. ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்ற ராக் குழுவினரை 1976-ல் விசாரணைக்கு நிறுத்தியதும், அதிலிருந்து 1977-ன் ‘சார்ட்டர் 77’ மனித உரிமை அறிக்கை பிறந்ததும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அந்த நூல்களுக்குப் பின்னால் தாளைத் தாளாகச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டோரி ஆவணகம் எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு. 1974-ல் தொடங்கியது. ஜோன் நெஸ்லும் டெபோரா எடலும் வாழ்ந்த மன்ஹாட்டன் அடுக்ககம்தான் பல ஆண்டுகள் அதன் இருப்பிடம். சமையலறைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள். வருகிறவர்களுக்கு டீ போட்டுக்கொடுத்து, பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். கடிதம், டைரி, சட்டையில் குத்தும் பட்டன், டி-ஷர்ட் என்று எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 1993-ல் புரூக்ளினில் சொந்த வீட்டுக்கு மாறினார்கள். புத்தகங்களை ஆசிரியரின் முதல் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். குடும்பப்பெயர் தகப்பனிடமிருந்தோ கணவனிடமிருந்தோ வருவது என்பதால். இந்தத் தொகுப்பை விற்க மாட்டோம், பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கவும் மாட்டோம் என்பது தொடக்கத்திலிருந்தே அவர்கள் வைத்திருக்கும் விதி. நம்மை வெளியே தள்ளிய நிறுவனங்கள் நம் கதைக்குக் காவலாக இருக்க முடியாது என்ற நிலைப்பாடு அது. எல்லா இயக்கத்தாலும் இப்படி 50 ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாது. கூரை ஒழுகினால் பணம் வேண்டும், தன்னார்வலர்களுக்கு வயதாகும். அதனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கத்தின் கையிதழ்களும், கார்னல் பல்கலைக்கழகத்தில் ஹிப்-ஹாப் தொகுப்பும் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. கொடுக்கும்போது யார் பார்க்கலாம், யாரைக் கேட்டு வெளியிடலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

காகிதம் சொல்லாததைக் குரல் சொல்லும். எய்ட்ஸ் நெருக்கடியில் 1987-ல் நியூயார்க்கில் பிறந்த ஆக்ட் அப் இயக்கத்தின் உறுப்பினர்களை, சாரா ஷுல்மனும் ஜிம் ஹப்பர்டும் 2002-லிருந்து உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். மொத்தம் 187 பேட்டிகள். தெருவில் படுத்துப் போராடியதை டி.வி. காட்டியிருந்தது. மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் உட்கார்ந்து மருந்து ஆய்வுகளைப் படித்துத் தேர்ந்தது, அரசு அதிகாரிகளுக்கே பாடம் எடுத்தது, நண்பரின் இறுதி ஊர்வலத்திலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தது எல்லாம் இந்தப் பேட்டிகளில்தான் கிடைக்கின்றன.

குரல்கள் புராணங்களையும் திருத்தும். 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கடையில் போலீஸ் புகுந்தபோது மார்ஷா பி. ஜான்சன் என்ற போராளிதான் முதல் செங்கல்லை எறிந்தார் என்று இன்றும் பதாகைகளில் எழுதுகிறார்கள். அவரே தன் பேட்டியில், தான் போய்ச் சேர்ந்தபோது சுமார் 2 மணி, கலவரம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒலிநாடா இல்லாவிட்டால் அவர் சொல்லையே அவரிடமிருந்து பறித்திருப்போம். செங்கல் கதை இல்லாமலும் அவர் பெரிய மனுஷிதான். வீடற்ற திருநர் பிள்ளைகளுக்கு சில்வியா ரிவேராவோடு சேர்ந்து தங்குமிடம் கொடுத்தவர் அவர்.

புராணத்தைத் திருத்துவது என்றால் கசப்பையும் எழுத வேண்டும். டிக்கர்களின் இலவச உணவில் சந்தைக்குப் போய் மிச்சக் காய்கறி கேட்டு வாங்கியதும் சமைத்ததும் பெரும்பாலும் பெண்கள். நூல்களில் பெயர் வந்தது பெரும்பாலும் ஆண்களுக்கு. 1969 டிசம்பர் 6 அன்று ஆல்டமான்ட் இசைவிழாவில் மெரிடித் ஹண்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் மேடைக்கு முன்னால் குத்திக் கொல்லப்பட்டார். உட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றி நூறு தடவை பேசுகிறவர்கள் அவரைப் பற்றி ஒரு தடவை பேசுவதில்லை. ஹெயிட் வாசிகளே 1967 அக்டோபர் 6 அன்று ‘ஹிப்பியின் மரணம்’ என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். ஊடகம் உருவாக்கிய பொம்மையைப் புதைக்கிறோம், இனி இங்கே வராதீர்கள், உங்கள் ஊரிலேயே செய்யுங்கள் என்பது அதன் செய்தி. யாரும் காதில் வாங்கவில்லை. பொம்மை இன்னும் விற்கிறது.

வெளியிடுவதே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு சம்பவம். ‘ஆன் அவர் பேக்ஸ்’ என்ற லெஸ்பியன் பாலியல் இதழ் அமெரிக்காவில் 1984-லிருந்து சுமார் இருபது ஆண்டுகள் வந்தது. அதை ரிவீல் டிஜிட்டல் என்ற அமைப்பு மின்னாக்கம் செய்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியது. தங்கள் சமூகத்துக்குள் சுற்றும் ஓர் அச்சிதழ் என்று நம்பிப் படத்துக்கு நின்ற பெண்கள், கூகுளில் தேடினால் தங்கள் முகம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கேள்வி எழுந்ததும் 2016-ல் அதை எடுத்துவிட்டார்கள். காப்புரிமை வேறு, சம்மதம் வேறு. பதிப்பாளரிடம் வாங்கும் அனுமதி, படத்தில் இருப்பவரின் அனுமதி ஆகிவிடாது.

காப்பதையே எதிர்ப்பவர்களும் உண்டு. 2016 நவம்பர் 26 அன்று லண்டன் தேம்ஸ் நதியில் ஒரு படகில், ஜோ கோரே தன்னிடமிருந்த பங்க் காலத்து உடைகள், பதிவுகள் என்று 50 லட்சம் பவுண்ட் பெறும் என்று அவர் சொன்ன தொகுப்பைக் கொளுத்தினார். பங்க் உடையைப் பிரபலமாக்கிய விவியன் வெஸ்ட்வுட், மால்கம் மெக்லாரன் இருவரின் மகன் அவர். பங்கின் 40-ஆம் ஆண்டை அரசு நிறுவனங்கள் ஆதரிக்கும் விழாவாக்கிவிட்டதற்கு எதிர்ப்பு அது. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நெருப்பில் போனது அவருடையது மட்டும் இல்லையே, அந்தச் சட்டைகளைத் தைத்த கைகளுடைய வேலையும் அதில் இருந்தது.

இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபன்ஹேகனில் 1971-ல் கைவிடப்பட்ட படைமுகாமில் மக்கள் குடியேறி உருவாக்கிய கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. போதைக் கும்பல்களின் வன்முறை முற்றியதால் 2024 ஏப்ரலில் குடியிருப்பவர்களே போதைப்பொருள் விற்பனை நடந்த புஷர் தெருவின் கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். பெர்க்லியின் பீப்பிள்ஸ் பார்க் 1969-ல் மக்கள் செடி நட்டு உருவாக்கியது, அதைக் காக்க நடந்த மோதலில் ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் உயிரிழந்தார். 2022-ல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் மாணவர் விடுதி கட்டுவதற்காகக் கப்பல் சரக்குப்பெட்டிகளை அடுக்கிச் சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதும் இடம் கையில் இருப்பதும் ஒன்றில்லை.

பெயரையே அழிப்பதும் நடக்கிறது. ஸ்டோன்வாலை 2016-ல் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அந்த நினைவிடத்தின் அரசு இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பக்கம் முன்பு எப்படி இருந்தது என்று காட்ட முடிந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவை பழைய பிரதிகளைச் சேமித்திருந்ததால். 1996-லிருந்து அது இந்த வேலையைச் செய்கிறது. எல்லாமே அப்படிச் சிக்குவதில்லை. 2009-ல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கத் தளம் மூடியபோது சாதாரண ஆட்கள் கட்டிய லட்சக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் போயின; தன்னார்வலர்கள் அள்ளியது மட்டும் மிச்சம். இன்றைய போராட்டக்காரர்கள் பாதுகாப்புக்காக, ஒரு வாரத்தில் தானாக மறையும் செய்திகளில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியான முடிவுதான். கைதாகாமல் இருப்பது முதலில், வரலாறு அப்புறம். ஆனால் சமிஸ்தாத்தின் மங்கலான ஐந்தாம் பிரதிகூட இவர்களிடம் மிஞ்சாது. கொஞ்ச காலம் கழித்து, ஆபத்து குறைந்தபின், நினைவிலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்ற பழக்கத்தையாவது உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1967-ல் 20 வயதாக இருந்தவர் இப்போது 80-ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் இருக்கும் ஒலிநாடாக்களில் பல ஒட்டும் பசையாகிவிட்டிருக்கும். வல்லுநர்கள் அவற்றை மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி எடுத்தால் சில தடவை ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அவர் நினைவுக்கும் அவசரம் உண்டு. அப்படி ஒருவரைத் தெரிந்தால் போய் உட்காருங்கள். புரட்சி என்றால் என்ன என்று கேட்காதீர்கள். பழக்கமான பிரசங்கம்தான் வரும். அன்றைக்குச் சமைத்தது யார், காகிதத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது, இயந்திரம் யார் வீட்டில் இருந்தது, யாரோடு சண்டை வந்து பேச்சு நின்றது என்று கேளுங்கள். எதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேளுங்கள். போட்டோப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு படமாக மேசையில் வையுங்கள். இதில் ஓரத்தில் நிற்பது யார்? அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் வருடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் முகத்தில் ஊறிவிடும்.